நீரிழிவு ஆய்வு வரலாற்றில் கல்லீரல்: மறைந்து மீண்ட ஒரு வினா

நீரிழிவு என்றதும் கணையமே நினைவிற்கு வருகிறது. ஆயினும் இந்நோயின் ஆய்வு வரலாற்றில் கல்லீரல் முன்னரே இடம்பெற்றுவிட்டது. 1848இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாடு பெர்னார்டு, இறைச்சி மட்டும் உண்ட விலங்கின் கல்லீரலிலும் சர்க்கரை இருப்பதைக் கண்டார். 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். கல்லீரலின் மிகையாக்கமே நீரிழிவு என்பது அவர் துணிபு.

1889இல் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகியோர் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு தோன்றுவதைக் காட்டினர். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டபின், இன்சுலின் குறைவே நோய்க்காரணம் என்னும் கருத்து வேரூன்றியது, கல்லீரல் பின்தள்ளப்பட்டது.

இக்கருத்தை அசைத்தவர்களுள் ஒருவர் ஹிம்ஸ்வொர்த். 1936இல் அவர் நோயாளரை இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என வகுத்தார். 1960இல் யாலோ, பெர்சன் ஆகியோர் கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டைக் கொண்டு, முதிர்பருவ நீரிழிவினரின் குருதியில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை என மெய்ப்பித்தனர்.

சுரப்பு இருந்தும் கல்லீரல் அதற்கு முழுதும் அடங்காமல், உண்ணாப் பொழுதிலும் அளவிறந்து சர்க்கரையை வெளிவிடுகிறது. விடியற்காலைக் குருதிச் சர்க்கரை உயர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். மெட்பார்மின் மருந்து தணிப்பதும் பெரிதும் இவ்வாக்கத்தையே.

எனவே, பெர்னார்டின் விடை முழுமையற்றது, வினாவோ பிழையற்றது. இன்சுலினின் வெற்றி உயிர்களைக் காத்தது. அவ்வெற்றியே அவ்வினாவை நெடுங்காலம் மறைத்தும் வைத்தது. அறிவியல் வரலாறு வெற்றிகளின் நிரல் மட்டுமன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.