ஒரு விதியும் ஒரு வரிசையும்

இடுக்கி மலையிலுள்ள ஆனைக்கரையைச் சூழ ஏலத் தோட்டங்கள் பல உள்ளன. அங்கே ஓராண்டில் பன்னிரண்டு முறை ஏலக்காய் விற்ற ஒருவர் கணக்கெழுத அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பத்தியில் எடை. மறு பத்தியில் விலை. வரிதோறும் இரண்டையும் பெருக்கிப் பன்னிரண்டு தொகைகளையும் கூட்டினால் ஆண்டு வரவு தெரியும். பேரேட்டில் பன்னிரண்டு முறை செய்யும் இவ்வேலையைக் கணிப்பொறியின் விரிதாளில் ஒரே கட்டத்தில், ஒரே சூத்திரத்தால் முடிக்கலாம். எண்களின் வரிசை முழுவதையும் ஒருங்கே எடுத்துக் கணிப்பதால் இதனை அணிச் சூத்திரம் என்கிறோம்.

கருவி புதிது, இதற்கு அடிப்படையான எண்ணமோ நம் நாட்டில் மிகப் பழையது. வாக்கியப் பஞ்சாங்கம் கணித்தோர், சந்திரன் இருக்கும் இடத்தை நாள்தோறும் புதிதாகக் கணக்கிடவில்லை. 248 நாட்களில் சந்திரனின் வேகமாற்றம் ஏறக்குறைய ஒன்பது சுற்று முடிந்து மீள்கிறது. ஆதலின் 248 வாக்கியங்களை வரிசையாக அமைத்து, எழுத்துக்களுக்கு எண்மதிப்பளிக்கும் கடபயாதி முறையில் அவற்றுள் எண்களைப் பொதிந்து வைத்தனர். உரிய வரியைத் தேர்ந்து, குறித்த விதிப்படி கூட்டுவதே கணியரின் பணி. வரருசியின் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்களைப் பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராம மாதவர் மேலும் நுட்பமாகத் திருத்தினார்.

சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான பட்டியல்களின் துணைகொண்டே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கிடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை நான்கு நிமிடமே. முடிவு நேரத்திலோ முக்கால் மணிக்கு மேல். விதியை அவர் பிசகின்றி அறிந்திருந்தார். அவ்விதிக்குரிய காரணத்தை அறிந்திலர் என்று வாரன் எழுதுகிறார்.

விரிதாளின் வரலாற்றுக்கு வருவோம். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்னும் விரிதாளை வெளியிட்டனர். 1985இல் எக்செல் பிறந்தது. எக்செலில் அணிச் சூத்திரத்தை இடுவதற்கு நெடுநாள் ஒரு தனி முறை இருந்தது. விடைகள் பலவாயின் அவை அமரவேண்டிய கட்டங்கள் அனைத்தையும் முதலில் தெரிவு செய்தல் வேண்டும். சூத்திரத்தை எழுதியபின் கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய இரண்டையும் அழுத்திக்கொண்டே என்டரைத் தட்டவேண்டும். சூத்திரத்தின் இருபுறமும் நெளிவு அடைப்புக்குறிகள் தாமே தோன்றும். அவற்றை நாமே எழுதினால் பயனில்லை. அவ்வாறு இட்டபின், இடையே ஒரு கட்டத்தை மட்டும் எவராலும் மாற்ற இயலாது. கணக்குக்கு இது நல்ல காவல். 2018இல் அறிவிக்கப்பட்ட புதிய அமைப்பில் என்டர் ஒன்றே போதும்; விடைகள் தாமே அடுத்த கட்டங்களில் பரவும்.

ஆயினும், சூத்திரத்தில் நாம் குறிக்கும் எல்லை சரிதானா என்பதை இக்காவல் சோதிக்காது. 2010இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் அரசுக் கடனைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். அரசுகளின் செலவைச் சுருக்க வேண்டும் என்றோர் அதனைச் சான்றாகக் காட்டினர். அதன் விரிதாளில் சராசரிக்குரிய எல்லை சில வரிகள் முன்னரே முடிந்ததால், இருபது நாடுகளுள் ஐந்து விடுபட்டிருந்தன. 2013இல் ஓர் ஆராய்ச்சி மாணவர் இதனைக் கண்டறிந்தார். முடிவை மாற்றிய வேறு குறைகளும் அப்போது வெளிப்பட்டன.

ஒரு விதியை வரிசை முழுவதற்கும் ஒருங்கே செலுத்துகையில் நன்மை பெருகுவது போலவே பிழையும் பெருகுகிறது. ஆகவே, முதல் வரியையும் கடைசி வரியையும் நாம் கையாலும் ஒருமுறை பெருக்கிப் பார்ப்போமாக. சோழிக் கணியருக்குக் கிட்டாத காரண அறிவு நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. அதனைத் தேடாதிருத்தல் நம் குற்றமே ஆகும்.