தனுஷ்கோடி மீன் கடைகள் ஏன் இன்னும் ஓலைக் கொட்டகையிலேயே இருக்கின்றன?

"ராமேஸ்வரம் பக்கம் போறோம், கை கடிக்காம நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்?" நம்ம நேயர்கள்கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. ஏசி வேண்டாம், மெனு கார்டு வேண்டாம், மீன் புதுசா இருந்தா போதும், அதுக்காக எத்தனை கிலோமீட்டர் வேணும்னாலும் வண்டி ஓட்டலாம் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய பேர் இந்த நிகழ்ச்சியைக் கேக்குறாங்க.

கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: தனுஷ்கோடி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் போல கிழக்கே போனால், ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒரு தார் ரோடு. ஓரத்தில் சவுக்குக் கம்பும் ஓலையும் வைத்துக் கட்டிய கடைகள். முன்னாடி ஒரு தட்டில் மசாலா தடவிய மீன் அடுக்கி வைத்திருப்பார்கள். கையைக் காட்டினால் எடுத்துக் கல்லில் போடுவார்கள். சோறு, மீன் குழம்பு, வறுவல். அவ்வளவுதான் மெனு.

இதோட எபிசோடை முடிச்சிடலாம். ஆனா இது வரலாற்று நிகழ்ச்சி. எனக்கு அந்தக் கடைகளைப் பற்றி வேறொரு கேள்வி. வருஷம் முழுக்கக் கூட்டம் வர்ற இடம். இத்தனை வருஷத்துல அந்தக் கடைகள் ஏன் கொட்டகையாவே இருக்கு? அந்த ஓலைக்குப் பின்னால 100 வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கு.

வழியில் இருந்த ஊர்

இன்னைக்கு தனுஷ்கோடின்னா நமக்கு இந்தியாவோட கடைக்கோடி. 1914-ல் அது அப்படி இல்லை. அந்த வருஷம் பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறுவார்கள். ராத்திரி முழுக்கக் கடல் பயணம். பாலம் வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. எழும்பூரில் ரயில் ஏறினால் நேராக தனுஷ்கோடித் துறை. அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு வரை. இதைத்தான் நம்ம தாத்தா பாட்டி காலத்துல போட் மெயில்னு சொன்னாங்க. கடலை நடுவில் வைத்து ரெண்டு ரயில் பாதைகளைக் கோத்த ஏற்பாடு.

அப்போ தனுஷ்கோடி ஒரு ஜங்ஷன் மாதிரி. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். வியாபாரிகள், இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்க்கப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள், யாத்திரிகர்கள் எனக் கடந்து போகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். கூடவே கடலை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள். வருகிற ரயிலையும் போகிற கப்பலையும் வைத்துத்தான் ஊரின் மற்ற பிழைப்பெல்லாம் ஓடியது. அதாவது, அது வழியில் இருந்த ஊர். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

46 நாளில் பாலம், 60 வருஷமாகியும் திரும்பாத ஊர்

1964 டிசம்பர் 22 இரவு. அந்தமான் பக்கம் உருவான புயல் பாக் நீரிணை வழியாக வந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது கடலுக்குள் போனது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் கடல் அடித்துக்கொண்டு போனது. சரிசெய்ய ரயில்வே முதலில் வைத்த இலக்கு 6 மாதம். வேலையை முன்னின்று நடத்தியவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு நமக்கெல்லாம் தெரிந்த அதே ஸ்ரீதரன்தான். கடலுக்குள் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்துத் தூக்கிப் பொருத்தி, 46 நாளில் பாலத்தைத் திரும்ப ஓட வைத்தார்கள். இன்ஜினியரிங் படிச்ச யாரும் இந்தக் கதையைப் பெருமையோட சொல்லாம இருக்க மாட்டாங்க. நானும் பல தடவை சொல்லியிருக்கேன்.

அந்தப் பெருமையோட சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு வரியும் இருக்கு. பாலம் திரும்பி வந்தது, தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. அந்த ஊர் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980-களில் இலங்கைப் போர் தொடங்கியபோது அதுவும் நின்றது. ரயில் வரை சரிசெய்தாயிற்று, ரயிலின் கடைசி நிறுத்தம் மட்டும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது.

வழியில் இருந்த ஊர், ஒரே ராத்திரியில் வழி முடிகிற இடமாகிவிட்டது.

அறிவிப்பைக் கேட்காத மீனவர்கள்

ஆனா கடல் எங்கேயும் போகலையே. மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. வாழத் தகுதியற்ற இடம் என்று சொன்ன பிறகு அங்கே மின்கம்பம், குழாய், கட்டடம் எல்லாம் எப்படி வரும்? ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்கு மணலில் ஊற்று தோண்டினார்கள்.

இந்த ஊற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ரெண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவுல மணல். அந்த மணலைக் கையால கொஞ்சம் தோண்டினா நல்ல தண்ணி வரும். காரணம் சிம்பிள். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்பு நீர்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். மேலாப்ல மொண்டா குடிக்கலாம். ஆழமா போனா உப்பு. அதனால் பெண்கள் சின்னக் குழியாகத் தோண்டி, ஊற ஊற அகப்பையில் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்த அடுக்கு தாங்காது. ஒரு பெரிய ஓட்டலுக்கு வேண்டிய தண்ணீரை இந்த மணல் தராது என்பதையும் இதிலிருந்தே புரிஞ்சுக்கலாம்.

சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த விதிகள் பின்னால் மாற்றப்பட்டிருந்தாலும் அடிப்படை இதுதான். இப்போ தனுஷ்கோடியை மேப்ல பாருங்க. பல இடத்தில் நிலத்தோட அகலம் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. வடக்கே இருந்து 500, தெற்கே இருந்து 500 என்று அளந்தால் மிச்சம் என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. போதாததற்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். 2025-ல் பூநாரைகளுக்கான சரணாலயமும் அறிவிக்கப்பட்டது.

ஆக, அந்த ஓலை யாரோ டிசைனர் யோசிச்சு வச்ச அலங்காரம் இல்லை. சென்னை ஈசிஆர்ல "பீச் ஷேக்"னு போர்டு போட்டு, மூங்கில் ஒட்டி, அதுக்கும் சேர்த்து பில் போடுறாங்களே, அது வேற. இங்கே ஓலை என்பது 1964-லிருந்து அந்த மக்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே கூரை.

ரோடு வந்தது

2017 வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும். அதற்கப்புறம் வேன், ஜீப்தான். மணலிலும் ஈரத்திலும் குலுக்கிக்கொண்டு போகும். வருகிற கூட்டம் அந்த வண்டிகளின் எண்ணிக்கைக்கு மேல் போகாது. 2017 ஜூலை 27-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதிலிருந்து கார், பைக், பஸ் எல்லாம் நேராகப் போகிறது. புயலுக்குப் பிறகு 50 வருஷத்துக்கு மேல் கழித்து, ஊருக்கு மறுபடி வெளியாட்கள் வந்தார்கள்.

ஒரு வித்தியாசம்தான். போட் மெயில் காலத்தில் வந்தவர்கள் கடந்து போனார்கள். இப்போது வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். வேற வழியே கிடையாது, ரோடு அங்கதான் முடியுது. சாப்பாட்டுக் கடைக்கு இதில் ஒரு லாபம் இருக்கு. ஒரே வாடிக்கையாளரை ஒரே நாளில் ரெண்டு தடவை பார்க்கலாம். போகும்போது மீனைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனால், முனையைப் பார்த்துத் திரும்பும்போது தட்டு தயாராக இருக்கும். நஷ்டமும் உண்டு. சாயங்காலத்துக்குள் பார்வையாளர்கள் வெளியேறியாக வேண்டும். ராத்திரி வியாபாரமே கிடையாது. பகலில் சில மணி நேரம், அதில் முழு வருமானமும் வந்தாகணும்.

தட்டில் என்ன மீன்?

அந்த ஊர்க்காரர்கள் ரெண்டு கடலுக்கும் பேர் வச்சிருக்காங்க. வடக்கே அமைதியாக இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம். ஒரு கடல் முரண்டு பிடிக்கும்போது மறு கடலில் வலை போடலாம். இப்படி ரெண்டு கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் நம்ம கடற்கரையில் அபூர்வம்.

இங்கே கரைவலை உண்டு. வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, ரெண்டு நுனியையும் கரையில் நின்று ரெண்டு வரிசையாக இழுப்பார்கள். நடுவில் இருக்கும் மடியில் நெத்திலி, சூடை, காரல், பாறைக் குஞ்சு, சில நாள் கணவாய் என்று வரும். பட்டதை விற்று வரும் காசு பங்காகப் பிரியும். பெரிய இறாலும் நல்ல நண்டும் ஏற்றுமதிக்குப் போகிற சரக்கு. கொட்டகையில் மலிவாகக் கிடைப்பது சின்ன மீன், அன்னைக்குக் கரைக்கு வந்த மீன். மலிவுக்கும் ருசிக்கும் காரணம் ஒன்றே: ஐஸ் பெட்டி, லாரி, தரகர் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே அது உங்க தட்டுக்கு வந்துடுது.

எல்லாக் கடையிலும் எல்லா நாளும் அப்படித்தான் என்று நினைச்சிடாதீங்க. கூட்டம் அதிகமாகும்போது வெளி மார்க்கெட் மீனும் வரத்தான் செய்யும். அதனால் போகிறவர்களுக்கு நாலு விஷயம்.

முதலாவது, மசாலா தடவிய மீனை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. மசாலாவுக்குள்ள கண்ணும் செவுளும் மறைஞ்சிடும். "தடவாத மீன் இருக்காக்கா, காட்டுங்க"ன்னு கேளுங்க. கண் தெளிவா, செவுள் சிவப்பா இருந்தா உட்காரலாம்.

ரெண்டாவது, காலையிலேயே போங்க. வலை வந்த நேரத்துக்கும் உங்க பசிக்கும் இடைவெளி குறையக் குறைய நல்லது.

மூணாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் இல்லை. அந்த நாட்களில் பெரிய மீனைக் கேட்டு அடம் பிடிக்காமல், இருக்கிற சின்ன மீனைச் சாப்பிடுங்க.

நாலாவது, பெயர்க் குழப்பம். சென்னையில் நாம் வஞ்சிரம் என்பதைத் தெற்கே சீலா என்பார்கள். சென்னையில் சீலா என்றால் வேறு மீன், அதற்குத் தெற்கே ஊளி என்று பெயர். மீனைப் பார்த்து, விலையையும் முன்னாடியே கேட்டுக்குங்க. வறுத்த பிறகு ரெண்டு தரப்புக்கும் சங்கடம் வேண்டாம்.

இனி?

ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதையைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. அந்த மணல் அதைத் தாங்குமா என்ற விவாதம் ஒரு பக்கம். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. 1964-ல் இந்த மண்ணைக் கைவிட்டது அரசு. கைவிடாதவர்கள் அந்த மீனவர்கள். இப்போது சாலையால் இந்த மண்ணுக்கு மதிப்பு வந்திருக்கு. நாளைக்கு இங்கே எது வரலாம், எது கூடாது என்று முடிவெடுக்கும் நேரத்தில், 50 வருஷம் ஊற்றுத் தண்ணி குடிச்சு அங்கேயே இருந்தவர்களின் பேச்சு எடுபடுமா? சூழலைக் காக்கிற விதி தேவைதான். அந்த விதி கொட்டகைக்காரரை முதலில் வெளியேற்றிவிட்டு, வசதியுள்ளவருக்கு வழி விட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. நாம பார்த்துக்கிட்டே இருக்க வேண்டிய விஷயம் இது.

போனீங்கன்னா, குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. தண்ணீரைச் சொந்தமா கொண்டு போங்க, அவங்க அகப்பையில் மொண்டு சேர்க்கிற தண்ணி அது. சாப்பிட்ட பிறகு கொஞ்ச தூரம் நடந்து, இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பாருங்க. உங்களுக்கு மீன் பொரிச்சுக் கொடுத்த கொட்டகை, அந்த ஊரோட தொடர்ச்சிதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.