தொலைபேசிக் கம்பியின் மேல் தனிப் பிணையம்: பி.பி.டி.பி. நெறிமுறையின் எழுச்சியும் வீழ்ச்சியும் (1996–2012)

ஆய்வுச் சுருக்கம்

1990களின் பிற்பகுதியில் டயல்-அப் இணைப்பின் மீது மெய்நிகர் தனிப் பிணையம் (வி.பி.என்.) அமைக்கும் வழக்கம் பரவியது. அதற்கு வழிவகுத்த பி.பி.டி.பி. நெறிமுறையின் தோற்றம், செயற்பாடு, வீழ்ச்சி ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொலைபேசி இணைப்புக்குப் போதுமானதாக இருந்த அடையாளச் சரிபார்ப்பு முறை பொதுவலைக்கு மாற்றப்பட்டதே அதன் வலுவின்மைக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: டயல்-அப், வி.பி.என்., பி.பி.டி.பி., மறையாக்கம், கடவுச்சொல்.

முன்னுரை

அமெரிக்க நிறுவனங்கள் வெளியூரில் இருந்த பணியாளர்களுக்காகத் தம் அலுவலகங்களில் மோடம் தொகுதிகளை வைத்திருந்தன. பணியாளர் அங்கு நேரடியாக அழைத்தால் நெடுந்தொலைவு அழைப்புக் கட்டணம் ஏறியது. உள்ளூர் இணையச் சேவையாளரை அழைத்தால் செலவு குறைந்தது. ஆனால் நிறுவனத் தரவு பிறருடைய கணினிகளின் வழியே செல்ல நேர்ந்தது. இம்முரணுக்கான தீர்வாகவே வி.பி.என். முன்வைக்கப்பட்டது.

தோற்றமும் செயற்பாடும்

மைக்ரோசாஃப்ட், அசெண்ட், 3காம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய பி.பி.டி.பி., 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் வெளிவந்தது. விண்டோஸ் 95க்குப் பின்னர்க் கூடுதல் மென்பொருளாக வழங்கப்பட்டது. 1999 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 2637 என வெளியான அதன் விவரிப்பு, தகவல் ஆவணமாக மட்டுமே அமைந்தது. இணையத் தரநிலையாக ஏற்கப்படவில்லை.

பயனர் இருமுறை இணைய வேண்டியிருந்தது. முதலில் மோடம் வழியே சேவையாளரை அழைத்து, பி.பி.பி. நெறிமுறையால் இணைய முகவரி பெற வேண்டும். பின்னர், தொலைபேசி எண்ணுக்குரிய இடத்தில் நிறுவன வழங்கியின் பெயரையோ முகவரியையோ இட்டு, இரண்டாவது ‘அழைப்பு’ விடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் செய்திகள் டி.சி.பி. 1723ஆம் வாயில் வழியே சென்றன. தரவோ இரண்டாவது பி.பி.பி. தொடராக, ஜி.ஆர்.இ. உறைக்குள் பொதியப்பட்டுச் சென்றது. இணையத்தையே ஒரு தொலைபேசிக் கம்பியாகக் கருதிய வடிவமைப்பு இது.

மெதுவான இணைப்பில் இதற்கொரு விலையும் இருந்தது. ஒவ்வொரு பொதிக்கும் கூடுதல் தலைப்புகள் சேர்ந்தன. மறையாக்கப்பட்ட தரவை மோடத்தால் சுருக்க இயலாது. எனவே மறையாக்கத்திற்கு முன்பே சுருக்க வேண்டியிருந்தது.

வலுவின்மை

1998இல் புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் மைக்ரோசாஃப்டின் பி.பி.டி.பி. செயலாக்கத்தை ஆய்ந்து, அதன் குறைகளை வெளியிட்டனர். மறையாக்கத் திறவுகோல் பயனரின் கடவுச்சொல்லிலிருந்தே உருவானது. ஆகவே எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல், மறையாக்கம் முழுவதையும் வலுவிழக்கச் செய்தது. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு அடையாளச் சரிபார்ப்பே இல்லை.

குறை செயலாக்கத்தினுடையதே, நெறிமுறையினுடையது அன்று என அவர்கள் வேறுபடுத்தினர். இவ்வேறுபாடு சரியானதே, எனினும் அது முழு விளக்கமாகாது. நெறிமுறை, சரிபார்ப்பையும் மறையாக்கத்தையும் பி.பி.பி.யின் பொறுப்பில் விட்டிருந்தது. நேரடி டயல்-அப்பில் கடவுச்சொல் பரிமாற்றத்தை ஒட்டுக்கேட்க, குறிப்பிட்ட ஒரு தொலைபேசிக் கம்பியை அணுக வேண்டும். பொதுவலையிலோ இடைவழியிலுள்ள எவரும் அதனைப் பதிவுசெய்து, பின்னர் ஓய்வாக உடைக்க முயலலாம். சூழல் மாறியது, சரிபார்ப்பு முறை மாறவில்லை.

மைக்ரோசாஃப்ட் அதனைத் திருத்தி எம்.எஸ்.-சாப் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்டன் ஆகியோர், அப்பதிப்பை உடைப்பது 56 பிட் கொண்ட ஒரேயொரு டி.இ.எஸ். திறவுகோலைத் தேடுவதற்கு ஒப்பானது எனக் காட்டினர். இதனால் நீளமான கடவுச்சொல்லும் காப்பாகாது என்பது உறுதியானது.

முடிவுரை

பி.பி.டி.பி.யும் சிஸ்கோவின் எல்.டூ.எஃப். நெறிமுறையும் இணைந்து 1999 ஆகஸ்டில் எல்.டூ.டி.பி. உருவானது, அதன் பாதுகாப்பு ஐ.பி.செக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் விண்டோஸில் உள்ளமைந்திருந்ததாலும் எளிதில் நிறுவத்தக்கதாக இருந்ததாலும் பி.பி.டி.பி. நெடுங்காலம் வழக்கில் நீடித்தது. டயல்-அப் மறைந்த பின்னரும் அதன் நம்பிக்கைகள் நெறிமுறைக்குள் வாழ்ந்தன. ஒரு தொழில்நுட்பத்தின் பாதுகாப்பை மதிப்பிடுகையில், அது எக்கம்பிக்காக எண்ணப்பட்டது என்பதையும் வரலாற்று நோக்கில் வினவ வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.