விளையாட்டுத் தொலைபேசியும் எண்ணக் கற்றலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

பாலர் பள்ளிகளிலும் சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களிலும் விளையாட்டுத் தொலைபேசி ஒன்றேனும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அது எண்ணின் பெயரைச் சொல்லும், மணி ஒலிக்கும், பாட்டுப் பாடும். குழந்தை எண்ணக் கற்றுக்கொள்ளும் என்று நம்பியே பெற்றோர் பலரும் அதனை வாங்கித் தருகின்றனர். இந்நம்பிக்கை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அறிய, தொலைபேசியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

விரல்கள் எண்ணிய காலம்

தொடக்க காலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாளர் ஒருவர் அமர்ந்து, கேட்ட இணைப்பைக் கையால் கொடுத்து வந்தார். இப்பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்க வழிகண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். இவர் பொறியியலாளர் அல்லர். கான்சஸ் நகரில் ஈமச்சடங்குப் பணிகளை ஏற்று நடத்தியவர். இவருடைய தானியங்கி இணைப்புக் கருவிக்கு 1891இல் காப்புரிமை கிடைத்தது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்னும் ஊரில் இம்முறையில் அமைந்த பொது இணைப்பகம் திறக்கப்பட்டது.

ஸ்ட்ரோஜரின் முதல் அமைப்பில் எண்தட்டு கிடையாது. பத்துகளுக்கு ஒரு விசையும் ஒன்றுகளுக்கு ஒரு விசையும் இருந்தன. 23ஆம் எண்ணை அழைக்க விரும்பியவர் முதல் விசையை இரண்டு முறையும் அடுத்த விசையை மூன்று முறையும் தட்ட வேண்டும். ஒருமுறை கூடினாலும் குறைந்தாலும் அழைப்பு வேறொருவர் வீட்டுக்குச் சென்றுவிடும். நாம் முதலாம் ஆண்டில் கற்பிக்கும் இடமதிப்பை அன்றைய அழைப்பாளர் தம் விரலாலேயே செய்து காட்ட வேண்டியிருந்தது.

எண்தட்டும் பொத்தானும்

இத்தொல்லையைத் தீர்க்க, ஸ்ட்ரோஜர் நிறுவனத்தைச் சேர்ந்த கீத் என்பவரும் எரிக்சன் சகோதரர்களும் சுழல் எண்தட்டை உருவாக்கி, 1896இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். எண்தட்டில் 5ஐச் சுழற்றி விட்டால், தட்டு தன் இடத்திற்குத் திரும்பும்போது மின்னோட்டம் ஐந்து முறை துண்டிக்கப்படும். அந்தத் துடிப்புகளை இணைப்பகக் கருவி எண்ணிக்கொள்ளும். மனிதன் செய்த எண்ணும் வேலை இவ்வாறு இயந்திரத்திற்கு மாறியது. ஆயினும் எண்ணிக்கையின் சுவடு முற்றிலும் மறையவில்லை. 2 விரைவில் திரும்பும். 9 நெடுநேரம் சுற்றித் திரும்பும். எண் பெரிதாயின் காத்திருப்பும் பெரிது என்பதைக் காதும் விரலும் உணர்ந்தன.

பெரும்பாலான நாடுகளில் சுழியத்திற்குப் பத்துத் துடிப்புகள் ஒதுக்கப்பட்டன. அதனால் எண்தட்டில் சுழியம் ஒன்பதை அடுத்து இடம்பெற்றது. எண் வரிசையில் ஒன்றுக்கு முன் நிற்கும் சுழியம், தொலைபேசியில் ஒன்பதுக்குப் பின் நிற்பதன் காரணம் இதுவே.

1963இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. பொத்தான்களை எவ்வாறு அடுக்குவது என்பதைப் பெல் ஆய்வுக்கூடத்தினர் பல அமைப்புகளைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்தனர். இதில் ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு தனி ஒலிச்சேர்க்கை உண்டு. ஒன்றை அழுத்தினாலும் ஒன்பதை அழுத்தினாலும் விரலுக்கு ஒரே வேலைதான். இலக்கம் அங்கே அளவைக் காட்டவில்லை, வெறும் பெயராகிவிட்டது.

விளையாட்டுப் பொருளின் வரவு

1930இல் நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு அரோராவில் தொடங்கப்பட்ட ஃபிஷர் பிரைஸ் நிறுவனம், 1961இல் சக்கரமும் சிரித்த முகமும் கொண்ட ஒரு விளையாட்டுத் தொலைபேசியை வெளியிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அதன் கண்கள் மேலும் கீழும் அசையும். எட் ஷ்மிட் என்பவர் வடிவமைத்த இப்பொருள் பின்னர் ‘சாட்டர் டெலிபோன்’ என்று உலகப் புகழ் பெற்றது. எண்தட்டைச் சுழற்றக் குழந்தைகளைப் பழக்குவதே இதன் நோக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் எண்தட்டுக்கு மாறாகப் பொத்தான்கள் அமைக்கப்பட்டன. வரவேற்பு இல்லாமையால் எண்தட்டு விரைவிலேயே திரும்பி வந்தது.

பின்னர் மின்கலத்தில் இயங்கும் விளையாட்டுக் கைப்பேசிகள் பெருகின. அசல் தொலைபேசியைப் போலவே இவற்றிலும் ஒரு பொத்தானுக்கு ஒரு பெயர் என்பதே முறை. அப்பெயரையும் குழந்தைக்கு மாற்றாகப் பொம்மையே சொல்லிவிடுகிறது.

எண்பெயரும் எண்ணிக்கையும்

ரோஷல் கெல்மன், காலிஸ்டல் ஆகிய இரு உளவியலறிஞர்கள் குழந்தைகளின் எண்ணறிவு பற்றி 1978இல் ஒரு நூல் வெளியிட்டனர். எண்ணுதலுக்கு அடிப்படையாக அவர்கள் கூறிய கொள்கைகளுள் மூன்று இங்கு இன்றியமையாதவை: ஒரு பொருளுக்கு ஓர் எண்பெயர் மட்டுமே சொல்லுதல், எண்பெயர்களை மாறாத வரிசையில் சொல்லுதல், இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என உணர்தல்.

விளையாட்டுத் தொலைபேசி இவற்றுள் இரண்டாவதற்கு ஓரளவு துணைபுரியலாம். இலக்கத்தின் வடிவத்தையும் பெயரையும் அது அறிமுகப்படுத்துகிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எண்ணப்படும் பொருள்கள் தேவை. பத்து வரை தடையின்றி ஒப்புவிக்கும் குழந்தையிடம் “மூன்று கோலிக்குண்டு கொடு” என்று கேட்டால், கையில் அகப்பட்டதை அள்ளிக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அக்குழந்தைக்கு எண்பெயர் தெரியும்; எண்ணிக்கை இன்னும் தெரியாது.

மற்றொன்றையும் கருத வேண்டும். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா, 10 முதல் 16 மாத வயதுடைய குழந்தைகளையும் பெற்றோரையும் கொண்ட 26 இணைகளை ஆராய்ந்தார். குழந்தைக் கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொம்மைகளோடு விளையாடியபோது, பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. இருவருக்கும் இடையிலான உரையாடலும் குறைந்தது. மரப்பொம்மைகளும் புத்தகங்களும் இருந்தபோது பேச்சு மிகுந்தது. சிறிய ஆய்வே எனினும், பொம்மை பேசத் தொடங்கினால் வீட்டார் மௌனமாகிவிடக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. தமிழ்ச்சொற்களை வீட்டில்தான் முதலில் கேட்க வேண்டிய நம் குழந்தைகளுக்கு இது சிறிய இழப்பன்று.

நாம் செய்யத்தக்கவை

விளையாட்டுத் தொலைபேசியை ஒதுக்க வேண்டியதில்லை. இழந்துபோன எண்ணும் வேலையை மீண்டும் குழந்தையின் விரலுக்கே கொடுத்தால் போதும்.

1. ஒலியை நிறுத்திவிட்டு, எண்பெயரைக் குழந்தையே தமிழில் சொல்லட்டும்.

2. “கடைக்கு அழைத்து நான்கு இட்லி கேள்” என்று சொல்லி, அழைத்த பின் நான்கு வில்லைகளைத் தட்டில் எண்ணி வைக்கச் செய்யுங்கள்.

3. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு லா போர்ட் முறையையே விளையாட்டாக்கலாம். பத்துக்கு ஒரு கைத்தட்டல், ஒன்றுக்கு மேசையில் ஒரு தட்டல். ஒரு மாணவர் தட்ட, மற்றவர்கள் எண்ணைக் கண்டுபிடிக்கட்டும்.

4. 1937இல் இலண்டனில் தோன்றிய 999 என்னும் அவசர எண் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் வழக்கில் உள்ளது. அதனை “ஒன்பது, ஒன்பது, ஒன்பது” என்று கற்பியுங்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்பது ஓர் அளவு. தொலைபேசி எண்ணோ ஒரு முகவரி. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட எளிய சான்று இல்லை.

பொம்மை எண்ணின் பெயரைச் சொல்லும். எத்தனை என்று கேட்பதும், விடை வரும்வரை பொறுத்திருப்பதும் நம் கடமையாகும்.