கந்தரந்தாதி முதல் குறுக்கெழுத்து வரை: தமிழ்ப் புதிர்ச் செய்யுள் மரபும் விடைகாணும் இன்பமும்

ஆய்வுச்சுருக்கம்

மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிர் ஆங்கில இதழியலின் வழியாகத் தமிழகத்திற்கு வந்தது. ஆயினும் அதில் விடைகாணும் முறைகளுட் பல தமிழ்ச் சொல்லணி மரபில் முன்னரே இலக்கணம் பெற்றவை. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளையும் அருணகிரிநாதரின் கந்தரந்தாதியையும் முன்வைத்து இவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது. சொற்பிரிப்பில் பயின்ற வாசகரை அச்சுப் பண்பாடு எவ்வாறு மாற்றியது என்பதும் இதன்கண் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரகவி, சிலேடை, கந்தரந்தாதி, திருத்தணிகை, குறுக்கெழுத்து, சொற்பிரிப்பு.

முன்னுரை

ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அது நேர்ப்பொருள் வினாக்களால் ஆனது. இங்கிலாந்தில் 1920களில் அவ்வடிவம் மாற்றம் பெற்றது. ‘டார்க்குமாடா’ என்னும் புனைபெயரில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் அமைத்த புதிர்களில் குறிப்பின் வெளிப்பொருள் விடைகாண்போரைத் திசைதிருப்பியது. உட்பொருளே விடைக்கு வழிகாட்டியது. 1930இல் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழும் குறுக்கெழுத்தை ஏற்றது. பின்னர் இந்திய ஆங்கில நாளிதழ்களிலும் இவ்வடிவம் நிலைபெற்றது. சென்னை ‘தி இந்து’வின் புதிருக்கென ஆர்வலர் கூட்டமே உருவானது. தமிழிலும் இம்முயற்சி நிகழ்ந்துள்ளது. கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இதற்குச் சான்றாகும்.

இவ்வகைப் புதிர் தமிழுக்குப் புறத்திலிருந்து வந்த பொழுதுபோக்கு மட்டுந்தானா என்னும் வினா இங்கு எழுகிறது. கட்டம் புதியது என்பதில் ஐயமில்லை. கட்டத்தை நிரப்பும் அறிவுச்செயல் புதியதா என்பதே ஆய்வுக்குரியது.

இலக்கண நூல்களில் புதிர்

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் எழுவகை நிலங்களுள் ஒன்றாகப் ‘பிசி’யைக் கூறுகிறது. ஒப்புமையால் அமைவதும், தோன்றுவதைக் கூறி மறைந்ததைத் துணிய வைப்பதும் என அது இருவகைப்படும். கேட்போர் தாமே துணிதல் வேண்டும் என்பது இவ்விலக்கணத்திலேயே அடங்கியுள்ளது.

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இதனை மேலும் நுட்பமாக்கியது. எழுத்து வருத்தனம் எழுத்துகளைப் படிப்படியாகக் கூட்டிப் புதுச்சொற்களைப் பெறுவது. அக்கரச் சுதகம் எழுத்துகளைப் படிப்படியாக நீக்குவது. காதை கரப்பு ஒரு செய்யுளினுள் மற்றொன்றை ஒளித்து வைப்பது. மாலைமாற்று இறுதியிலிருந்து படிப்பினும் அதுவாகவே நிற்பது; இதில் ஒரு முழுப்பதிகமே ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரால் பாடப்பட்டுள்ளது. சேர்த்தல், நீக்கல், ஒளித்தல், திருப்புதல் ஆகிய இவையே இன்றைய மறைகுறிப்புப் புதிரின் அடிப்படைச் செயல்கள்.

இவற்றுள் வினாவுத்தரம் தனிக்கவனத்திற்குரியது. பல வினாக்களுக்குரிய விடைகளைச் சேர்த்தால் இறுதி வினாவின் விடை கிடைப்பது இதன் அமைப்பு. தண்டியலங்கார உரையில் காட்டப்படும் எடுத்துக்காட்டில் திரு, ஏகு, அம்பு, அம் என்னும் விடைகள் கூடிக் காஞ்சியின் ‘திருவேகம்பம்’ ஆகின்றன. இங்குத் துண்டுகள் வெறுமனே அருகருகே நிற்கவில்லை. முதற்சேர்க்கையில் வகர உடம்படுமெய் தோன்றுகிறது. அடுத்தவற்றில் குற்றியலுகரங்கள் கெடுகின்றன. ஆங்கிலப் புதிரில் எழுத்துகளை நிரல்பட வைத்தாலே போதும். தமிழிலோ விடைகாண்பவர் புணர்ச்சி விதியையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சிலேடையிலும் இவ்வேறுபாடு புலப்படும். சொல்லைப் பிரிக்காமல் இருபொருள் கொள்வது செம்மொழிச் சிலேடை. பிரித்துப் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் இன்றும் நினைவில் நிற்பதற்கு, ஒரே எழுத்துநிரல் இரண்டு பொருள்களுக்கும் எஞ்சாமல் பொருந்துவதே முதற்காரணம்.

கந்தரந்தாதியும் உரைகாணும் போட்டியும்

பாடுபவரும் பொருள் காண்பவரும் எதிரெதிர் நின்ற நிகழ்வாகத் தமிழ் மரபு போற்றுவது அருணகிரிநாதர், வில்லிபுத்தூரார் வரலாறு. வாதில் தோற்ற புலவர்களின் செவியை அறுக்கும் வழக்கம் கொண்டிருந்த வில்லிபுத்தூரார், அருணகிரிநாதர் பாடப்பாட உரை கூறிவந்தார் என்றும், 54ஆம் பாடலில் தடுமாறித் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்றும், அருணகிரிநாதர் தாமே அதற்குப் பொருள் கூறி அச்செயலைக் கைவிடச் செய்தார் என்றும் அக்கதை கூறும். அப்பாடல் முழுவதும் தகர வருக்க எழுத்துகளாலேயே ஆனது.

இது செவிவழிக் கதை. வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. எனினும் புதிர் பற்றிய ஓர் அறத்தை இது தெளிவாக உணர்த்துகிறது. பொருளற்ற ஒலிக்கோவையைப் பாடி வெல்வது வெற்றியாகாது. பாடியவரிடம் பொருள் இருத்தல் வேண்டும். அப்பொருள் எழுத்துகளிலிருந்தே பெறப்படல் வேண்டும். ‘சிமெனிஸ்’ என்னும் புனைபெயர் கொண்ட டெரிக் மக்நட் 1966இல் வெளியிட்ட நூலில் புதிர் அமைப்போருக்கு வகுத்த நேர்மை விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. குறிப்பு ஏமாற்றலாம், ஆனால் விடைக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும், வேண்டாதது எதுவும் இருத்தலாகாது.

விடைகாணும் இன்பம் இந்நேர்மையிலிருந்தே பிறக்கிறது. அரிய யமகச் செய்யுளில் ஒரு பிரிப்பு தவறினால் அடுத்த சீர் பொருள் தராது. சரியான பிரிப்பு கிட்டியதும் எல்லா எழுத்துகளும் ஒருங்கே இடம்பெற்றுவிடும். விடை சரியென்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை. புதிர் ஆர்வலர் விடையை மட்டும் கூறி அமையாமல் விடை வந்த வழியையும் விவாதிப்பதன் காரணம் இதுவே. பதவுரையும் அதே பணியைத்தான் செய்கிறது.

திருத்தணிகை: எல்லை நிலத்தின் சான்று

அருணகிரிநாதர் பல திருப்புகழ்ப் பாக்களால் பாடிய தலம் திருத்தணிகை. பதினெட்டாம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இதன்மீது தணிகைப் புராணமும் தணிகையாற்றுப்படையும் இயற்றினார். சிதறிக்கிடந்த திருப்புகழைத் தேடித் தொகுத்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை 1894இலும் 1901இலும் அதனை அச்சேற்றினார். அவருடைய மைந்தர் வ.சு. செங்கல்வராய பிள்ளை, ‘தணிகைமணி’ எனப் பெயர் பெற்றவர், அருணகிரியார் நூல்களைக் குறிப்புரையுடன் வெளியிட்டார்.

திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கே.ஜி.கண்டிகை முதலிய ஊர்களைக் கொண்ட இவ்வெல்லை நிலத்தில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்குகின்றன. தெலுங்கின் அவதானக் கலையிலும் அமைப்போரும் விடுவிப்போரும் நேர்நின்று மோதுகின்றனர். அவதானி பாடத் தொடங்கும்போதே, வரக்கூடாத எழுத்தை வினவுநர் ஒவ்வொன்றாகத் தடுக்கும் ‘நிஷித்தாட்சரி’ அவற்றுள் ஒன்று. திருப்பதி வேங்கட கவுலு எனப்படும் இரட்டையர் இதில் புகழ்பெற்றனர். தமிழில் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். இருமொழி மரபுகளிலும் புதிர் என்பது அவையில் நிகழ்ந்த அறிவுப்போட்டி.

இத்தலத்தின் பெயரே மறைகுறிப்பின் இயல்பை விளக்கப் போதுமானது. “செல்வத்தோடு ஆறு சேர்ந்தால் படைவீடு (5)” எனக் குறிப்பு அமைவதாகக் கொள்ளலாம். ‘ஆறு’ என்றதும் மனம் நீரோட்டத்தையும், படைவீட்டின் சார்பால் எண்ணையும் நாடும். அவ்விரண்டையும் விடுத்து ஏவல் வினையாக நோக்கினால் ‘தணி’ கிடைக்கும். செல்வம் ‘திரு’. இரண்டும் புணர, வல்லெழுத்து மிக்குத் ‘திருத்தணி’ ஆகிறது. சினம் தணிந்த இடம் என்னும் தலமரபும் இதனோடு ஒத்துச் செல்கிறது. அவ்வாறே “இடை ஒழிந்த கவலை, சிற்பமும் கூத்தும் அடங்கியது (2)” என்பது ‘கலை’யைத் தரும், இது அக்கரச் சுதகத்தின் எளிய வடிவம்.

எழுத்தின் இயல்பு எல்லாவற்றிற்கும் இடந்தருவதில்லை. ஆங்கிலப் புதிரில் பெருவழக்காயுள்ள எழுத்துக் கலைப்பு தமிழில் அரிது. உயிர்மெய் ஒரே கட்டத்தில் அடங்குவதால் சொற்கள் குறைந்த கட்டங்களையே கொள்கின்றன; மாற்றியடுக்க இடம் சுருங்குகிறது. அவ்விழப்பைப் புணர்ச்சியும் பல்பொருட் சொற்களும் ஈடுசெய்கின்றன.

அச்சும் வாசகரும்

ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளி இல்லை. மெய்யெழுத்திற்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ரகரத்திற்கும் காலுக்கும் இடையிலான வேறுபாடும் தெளிவாக இல்லை. சுவடி படித்தவர் ஒவ்வோர் அடியிலும் புதிர் அவிழ்த்தவரே. அச்சுப் பதிப்புகள் இச்சுமையைப் படிப்படியாகக் குறைத்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகள் பழந்தமிழ் நூல்களைப் பொதுவாசகரிடம் சேர்த்தன.

இப்பணியின் பயன் மறுக்கவியலாதது. ஆயினும் பிரிப்பைப் பதிப்பாசிரியரே செய்து தரும்போது, வேறு பிரிப்பும் உண்டோ என வினவும் பழக்கம் வாசகரிடம் தளர்கிறது. சிலேடையிலும் யமகத்திலும் பிரித்து அச்சிடுதல் என்பது விடையை முன்னரே எழுதிவிடுதலாகும். மற்றொருபுறம், சித்திரகவி உணர்ச்சியற்ற சொல்விளையாட்டு என்னும் திறனாய்வுக் கருத்தும் வலுப்பெற்றது. அக்கருத்து ஓரளவு உண்மையே. பல சித்திரகவிகள் கவிதையின்பம் குறைந்தவை. ஆனால் அவை வேண்டியது வேறுவகை வாசிப்பு. அவ்வாசிப்பில் பயின்றவர்களே சுவடிகளைப் பாடங்கொண்டு நமக்கு அளித்தனர்.

முடிவுரை

மறைகுறிப்புக் குறுக்கெழுத்து தமிழ்ச் சித்திரகவியிலிருந்து தோன்றியதன்று. இரண்டும் தனித்தனியே வளர்ந்து ஒரே அறிவுச்செயலில் சந்திக்கின்றன. இன்று கல்லூரிகளில் சித்திரகவி வகைகள் பெயரும் இலக்கணமுமாக மனனம் செய்யப்படுகின்றன, விடுவிக்கப்படுவதில்லை. பிரிக்கப்படாத மூலத்தை மாணவரிடம் அளித்து, பிரித்த வழியையும் விளக்கச் செய்தால் புணர்ச்சியிலக்கணம் பயன்பாட்டறிவாக மாறும். சுவடிப் பதிப்பில் ஈடுபட வருவோருக்கு இப்பயிற்சி இன்றியமையாதது. பதிக்கப்படாத சுவடியில் பிரித்துத் தருவதற்கு முன்னோர் எவரும் இல்லை.