நெய்வேலி விமான நிலையம்
கடலூர் மாவட்டம், நெய்வேலி நகரியத்தில் என்எல்சி நிறுவனத்துக்குச் சொந்தமான சிறு விமான நிலையம். 1981இல் தொடங்கிய வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் ஒரு காலத்தில் இங்கு வந்துபோயின. மலிவுக் கட்டணப் பயண வாய்ப்பு, 2017இல் சிறு ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் கதவைத் தட்டியது. சென்னைத் தடம் ஏர் ஒடிசா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கெனத் திட்டமிட்டது 19 இருக்கை விமானம். ஆனால் அந்நிறுவனம் இங்கே சேவையைத் தொடங்கவே இல்லை.

ஐரோப்பாவில் ரயன்ஏர் போன்ற மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைப்பது 180க்கும் மேற்பட்ட இருக்கைகள், தரையில் அரைமணிக்குள் திரும்பிக் கிளம்பும் வேகம், பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக்காசு ஆகியவற்றால். பத்தொன்பது பேரை வைத்து அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால் உடானில் பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, பற்றாக்குறையை அரசு மானியம் ஈடுகட்டியது. நெய்வேலியிலிருந்து சென்னைக்குச் சாலைவழி சுமார் 200 கிலோமீட்டர்தான். பேருந்தோடு போட்டியிடுவதும் எளிதல்ல.