நின்றுபோன நிக்கானும் புதிய கேனானும்: பழவேற்காட்டில் ஓர் ஒப்பாய்வு

நிக்கான் நிறுவனம் தன் '1' வரிசை மிரர்லெஸ் கேமராக்களை 2011 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. 2015இல் வந்த ஜே5 அந்த வரிசையின் கடைசி கேமரா. 2018இல் உற்பத்தி முடிந்துவிட்டதாக நிறுவனமே உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசட் வரிசை வந்தது. கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவருக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. பழவேற்காட்டில் பூநாரை பார்க்கப் போகிறவருக்கு நட்டம் உண்டு. கையடக்க உடல், அதோடு 2014இல் வந்த 70-300 மி.மீ. லென்ஸ், இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். அந்த எடையில் அவ்வளவு தூரம் எட்டிய கருவிகள் மிகக் குறைவு. என்னிடம் இருப்பது அந்த வரிசையின் வி3. அதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று என்னைப் போலவே யோசிக்கும் பலர் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண் வைத்திருப்பது 2022இல் வந்த கேனான் ஆர்7 உடலும் ஆர்எஃப் 100-400 லென்ஸும். இந்த இரண்டு ஜோடிகளையும் ஏரிக்கரையில் வைத்தே ஒப்பிட விரும்புகிறேன். கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று ஒப்பிட்டால் விடை வேறாகத்தான் வரும்.

பழவேற்காட்டில் தூரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. பூநாரைகள் இரை தேடும் சேற்றுத் தட்டைகள் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கின்றன. முன்பெல்லாம் படகு பிடித்துக் கிட்டே போனார்கள். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்தத் தடை இல்லாவிட்டாலும், இரையெடுக்கும் கூட்டத்துக்குள் படகை விட்டு அதைக் கிளப்பிப் பறக்கும் படம் எடுப்பது பறவைக்குச் செய்யும் கேடு. நடுவில் மீனவர்களின் வலைக்கம்புகளும் நிற்கின்றன. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' முறையில் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் இவை. அந்தக் கம்புகளுக்கிடையே புகுந்து போக விருந்தாளிக்கு உரிமை இல்லை. ஆக, அண்ணாமலைச்சேரிப் பக்கமோ, ஆந்திர எல்லைக்குள் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையிலோ, கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். நிக்கான் 1இன் சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ.; முழுச்சட்டக் கேமராவோடு ஒப்பிட்டால் 2.7 மடங்கு நெருக்கம். 300 மி.மீ. லென்ஸ் 810 மி.மீ. போல வேலை செய்கிறது. ஆர்7இன் நெருக்கம் 1.6 மடங்கு, 400 மி.மீ. லென்ஸ் அதில் 640 மி.மீ. ஆகிறது. '810ஐ விட்டு 640க்குப் போவதா?' என்று கேட்டுப் பழையதையே இறுகப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு பார்வைக் கோணத்தை மட்டும் சொல்கிறது. பறவையின் மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது.

200 மீட்டர் தூரத்தில் 1.3 மீட்டர் உயரப் பெரும்பூநாரை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வி3இல் 300 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தைச் சென்சாரின் மேல் 1.95 மி.மீ. உயரத்துக்கு வரையும். அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 2.5 மைக்ரான். பறவையின் உயரம் ஏறக்குறைய 770 பிக்சல். ஆர்7இல் 400 மி.மீ. லென்ஸ் 2.6 மி.மீ. உயரத்துக்கு வரையும், பிக்சலின் அகலம் 3.2 மைக்ரான், பறவை ஏறக்குறைய 810 பிக்சல். நூற்றுக்கு ஐந்து வித்தியாசம். காலில் மாட்டிய வளையத்தின் எழுத்தைப் படிக்க ஒன்றால் முடியாது என்றால் மற்றதாலும் முடியாது.

வெளிச்சத்திலும் இதே கதைதான். பறவையிடமிருந்து வரும் ஒளியில் எவ்வளவு உள்ளே போகும் என்பதை லென்ஸின் திறப்பு விட்டம் முடிவு செய்கிறது. நிக்கானில் 300ஐ 5.6ஆல் வகுத்தால் 53.6 மி.மீ. கேனானில் 400ஐ 8ஆல் வகுத்தால் 50 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் பழைய லென்ஸ் 15 விழுக்காடு அதிக ஒளியை வாங்குகிறது. பெரிய சென்சார் என்றால் தூரத்துப் பறவை தானாகவே தெளிவாக வரும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஜோடியில் இடமே இல்லை. சென்சார் பெரிது, ஆனால் பறவை அதில் பிடிக்கும் இடம் சிறிது. மீதிப் பரப்பு முழுக்கத் தண்ணீர்.

கானலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறி, சேறும் உப்பும் சூடாகத் தொடங்கியதும் காற்று நடுங்குகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான வலசைக் காலத்திலும் நடு முற்பகலுக்குள் நீளக் கால்கள் நெளிய ஆரம்பித்துவிடும். அதன் பிறகு எந்த லென்ஸை மாட்டினாலும் நடுங்கும் காற்றைத்தான் படமெடுக்கிறோம். தூரத்துப் பறவைக்காக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்ய நினைப்பவர், அதற்கு முன் விடியலுக்கு முன்பே கரைக்கு வந்து சேரும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் கூடுதல் பலன் பெறுவார்.

இருந்தாலும் கேனானுக்கு இரண்டு இடங்களில் உண்மையான முன்னிலை உண்டு. ஒன்று, ஒளி நிழல் வேறுபாட்டைத் தாங்கும் திறன். எதிர்வெயிலில் பளபளக்கும் தண்ணீர், நடுவே வெள்ளைப் பறவை, அதன் வயிற்றடியில் நிழல். வி3இல் வெள்ளையைக் காப்பாற்றப் படத்தை இருட்டாக எடுத்துப் பிறகு நிழலைத் தூக்கினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும். ஆர்7இல் அந்த நிழல் சுத்தமாக மேலே வரும். இரண்டாவது, ஃபோகஸ். ஆர்7 பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது. நின்று மேயும் பூநாரைக்கு இது தேவையில்லை. முகத்துவாரத்துக்கு மேல் சுற்றித் திடீரென்று தலைகீழாகப் பாயும் ஆலாவுக்கு இதுதான் எல்லாம். வி3இன் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஃபோகஸைத் தொடர்ந்தபடி நொடிக்கு 20 படம் எடுத்த கேமரா அது. ஃபோகஸை நிறுத்தி வைத்தால் நொடிக்கு 60. அந்த 60ஆல் வேறொரு நன்மையும் கிடைக்கிறது: சென்சார் முழுவதையும் அறுபதில் ஒரு நொடிக்குள் படித்து முடிப்பதால் பறக்கும் இறக்கை வளைந்து தெரிவது குறைவு. ஆர்7இன் மின்னணு ஷட்டரில் இறக்கைகள் வளையும்; அதில் இயந்திர ஷட்டரை வைத்து நொடிக்கு 15 படத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆலாதான் உங்கள் உயிர் என்றால் கேனானை வாங்குங்கள். பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை என்றால் அவசரம் இல்லை.

வீடியோவில் புதியது மேல் என்பதில் சந்தேகமே கிடையாது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இதுவரை சொன்னது தூரத்துக் காட்சி. கிட்டத்துக் காட்சியில்தான் இரண்டும் பிரிகின்றன. பழவேற்காடு பறவைகளின் ஊர் மட்டும் கிடையாது. கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற குப்பங்களில் நாளின் முக்கியமான வேலைகள் வெளிச்சம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. வலை இழுத்து வந்த படகு கரையொதுங்குவது, இறாலையும் நண்டையும் தரம் பிரிப்பது, ஏலம் கேட்பது, ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டுவது எல்லாம் ஒரு பல்பு வெளிச்சத்தில் நடக்கும். பகலிலும் அப்படித்தான்: ஜமீலாபாத் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து பனையோலை முடையும் பெண்களின் விரல்கள் மேல் விழுவது ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

இந்த இடத்தில் மறுபடியும் திறப்பு விட்டத்தைக் கணக்கிடுவோம். வி3க்கு உரிய 18.5 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் திறப்பு 10.3 மி.மீ. கேனானில் ஏறக்குறைய அதே கோணத்தைத் தரும் ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் திறப்பு 19.4 மி.மீ. பரப்பளவில் மூன்றரை மடங்கு. அதே முகம், அதே பல்பு, அதே ஷட்டர் வேகம். உள்ளே வரும் ஒளி மூன்றரை மடங்கு. பறவை விஷயத்தில் சமமாக இருந்தவை இங்கே வெகுவாக விலகிவிடுகின்றன. வி3இன் ஃபோகஸும் இருட்டில் தன் வேகமான முறையை விட்டுவிட்டு முன்னும் பின்னும் தேட ஆரம்பிக்கும். ஏலத்தில் கை உயரும் கணம் அதற்குள் போய்விடும்.

பறவைக்காகத்தான் புதிய கேமரா, ஊருக்குப் பழையதே போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்கு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

வி3க்குச் சாதகமாக ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். 18.5 மி.மீ. லென்ஸ் 70 கிராம்தான். அந்தச் சின்னக் கேமராவோடு ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு பேச்சாகவே போகும். பெரிய கேமராவைக் கண்டதும் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், அல்லது எழுந்து போய்விடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் படமெடுத்துக்கொண்டு போய், ஒரு பிரதிகூடக் கொண்டுவந்து தராத அனுபவம் குப்பங்களுக்கு நிறையவே இருக்கும் என்பதால், கருவி சிறிதாக இருப்பது மரியாதை சார்ந்த விஷயம் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து உதிரிபாகம். நின்றுபோன வரிசையை வைத்திருப்பவரின் முதல் பயம் பேட்டரி. இதில் நிக்கான் 1 உடல்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. வி1இல் போடும் இஎன்-இஎல்15, நிக்கானின் பெரிய கேமராக்களிலும் போடுவது. அந்தக் குடும்பம் இசட் காலத்திலும் தொடர்கிறது. வி3இன் இஎன்-இஎல்20ஏ, பிறகு வந்த கூல்பிக்ஸ் பி1000, பி950 கேமராக்களிலும் பயன்படுவதால் இன்னும் கிடைக்கிறது. ஜே5இன் இஎன்-இஎல்24, வி2இன் இஎன்-இஎல்21 இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே 'நிக்கான் 1 வைத்திருக்கிறேன், மாற்றலாமா?' என்று கேட்பவரிடம் எந்த உடல் என்று முதலில் கேட்க வேண்டும். மெமரி கார்டு பிரச்சினை இல்லை. வி3 போடுவது மைக்ரோ எஸ்டி, கைப்பேசிக் கடையிலேயே கிடைக்கும்.

பேட்டரியைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தில் கேமராவைத் திறந்து வைத்திருப்பதே ஆபத்து. வி3க்கு ஈரக்காப்பு கிடையாது. ஆர்7இன் உடலுக்கு ஓரளவு உண்டு; 100-400 லென்ஸுக்கு இல்லை, அதனால் அந்த ஜோடியின் காப்பும் பாதிதான். (நிக்கான் 1 வரிசையிலேயே 2013இல் ஏடபிள்யூ1 என்றொரு உடல் வந்தது, 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் போகும். ஆனால் அதற்கென்றே செய்த இரண்டு சிறிய லென்ஸ்களோடு மட்டும்தான்.) வீடு திரும்பியதும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது இரண்டுக்கும் பொது.

பழுதானால் என்ன செய்வது என்பதில் மட்டும் வேறுபாடு கூர்மையானது. பழவேற்காட்டுக் கரையில் கிடக்கும் ஃபைபர் படகைச் செய்த பட்டறை மூடிப்போனாலும் கவலை இல்லை; நார்ப்பாயும் ரெசினும் வாங்கி வந்து ஓட்டையை அடைத்துவிடுவார்கள். கேமராவுக்குள் கிழிந்த நாடா ஒயரையோ தேய்ந்த லென்ஸ் மோட்டாரையோ அப்படி அடைக்க முடியாது. அதே பாகம் வேண்டும், அது இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் வர வேண்டும். 70-300 லென்ஸ் பழுதானால் அந்த லென்ஸின் கதை முடிந்தது. உடல் பழுதானாலும் லென்ஸுக்கு வேறு புகலிடம் இல்லை. அந்தச் சிறு சென்சாருக்காகவே செய்த லென்ஸை இசட் உடலிலும் மாட்ட முடியாது.

புதியது வாங்கினால் இந்தக் கவலை தீருமா? கேனானே 2012இல் தொடங்கிய இஓஎஸ் எம் வரிசையை 2023இல் நிறுத்தியது. அதன் லென்ஸ்களை இன்றைய ஆர்எஃப் உடலில் மாட்ட முடியாது. சாம்சங் 2010இல் கொண்டுவந்த என்எக்ஸ் வரிசையும் சில ஆண்டுகளில் மறைந்தது. சிறிய சென்சார் வரிசைகளைத்தான் நிறுவனங்கள் முதலில் கைவிடுகின்றன. ஆர்எஃப் பூட்டு கேனானின் பெரிய உடல்களுக்கும் பொதுவாக இருப்பது ஒரு தெம்பு. அதைத் தாண்டி உத்தரவாதம் எதுவும் இல்லை.

என் முடிவு, மொத்தமாக மாற்ற வேண்டாம் என்பது. வி3யும் 70-300ம் பூநாரைக்குப் போதும். உயிரோடு இருக்கும்வரை அவை கரையில் நிற்கட்டும். இன்னொரு பழைய வி3யை அதிக விலை கொடுத்து வாங்கிப் பூட்டி வைப்பது வீண், அது பெட்டிக்குள் இருந்தே மூப்படையும். ஒரு கூடுதல் பேட்டரி வாங்கிக்கொண்டால் போதும். பணத்தைக் கிட்டத்துக் காட்சிக்குச் செலவிடலாம்: ஆர்7 வேண்டாம், பேட்டரியோடு 429 கிராம் எடையுள்ள ஆர்10 உடலும் 35 மி.மீ. லென்ஸும். அந்த உடலில் நடுக்கத்தடுப்பு இல்லாவிட்டாலும் லென்ஸில் இருக்கிறது. வி3 ஒருநாள் நின்றுபோனால் அதே உடலுக்கு 100-400ஐ வாங்கிக்கொள்ளலாம். 200 மீட்டரில் நிற்கும் பூநாரை அப்போது 700 பிக்சல் உயரம் இருக்கும்; இன்றைக்குக் கிடைப்பதைவிட நூற்றுக்குப் பத்தே குறைவு.